மட்டக்களப்புக் கோட்டையும் கண்டிக்கான தவளப் பாதையும்

மட்டக்களப்புக் கோட்டைக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது சரித்திரம் பார்க்க அல்ல. காணி அலுவல் ஒன்றுக்காக வாப்பா கச்சேரிக்குப் போன நாளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். எங்கள் வயதுப் பிள்ளைகளில் பலருக்கும் அந்தக் கோட்டை அறிமுகமானது அப்படித்தான். பிறப்பு, இறப்பு, காணி, ஓய்வூதியம் என்று எந்த அலுவலாக இருந்தாலும் ஒல்லாந்தர் காலத்து மதிலுக்குள் நுழைந்துதான் முடிக்கவேண்டியிருந்தது. வாப்பா கந்தோருக்குள் போய்விட்டார். நான் மதிலில் ஏறி, வாவியைப் பார்த்துக் கிடந்த பீரங்கியைத் தடவிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது, "இத யாரு கட்டின வாப்பா?" என்று கேட்டேன்.

"கட்டினவன எல்லாரும் கேப்பாங்க மகன். இஞ்ச இருந்து உப்பும் கருவாடும் மலைக்குக் கொண்டு போன ஆக்கள ஆரும் கேக்கமாட்டாங்க" என்றார். அவருடைய மூத்தாப்பா தவள மாடு வைத்திருந்தவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை. கோட்டை இன்றும் நிற்கிறது; மதில் இருக்கிறது, கொத்தளம் இருக்கிறது, அகழி இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டை எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வழி, அதாவது மட்டக்களப்பிலிருந்து பிந்தென்னை ஊடாகக் கண்டிக்கு ஏறிய வழி, நம் நினைவிலிருந்து கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. அந்த வழியோடு சேர்ந்து அதில் நடந்த முஸ்லிம்களின் கதையும் மறைந்துகொண்டு போகிறது.

மலை இராச்சியத்தின் வாசல்

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை மலையிலிருந்து பார்ப்பதே நமது வழக்கம். கரையிலிருந்து பார்த்தால் வேறொரு விடயம் தெரியும். மலை நாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், மிளகு விளையும், காட்டில் தேன்மெழுகு கிடைக்கும். உப்பு கிடைக்காது. கருவாடும் நல்ல புடைவையும் கரையிலிருந்துதான் போகவேண்டும். மேற்குக் கரையைப் போர்த்துக்கேயர் பிடித்த பிறகு, மலைக்குத் திறந்திருந்த பெரிய வாசல்கள் கிழக்கே இருந்த மட்டக்களப்பு, கொட்டியாறு, திருகோணமலை ஆகியனவே.

அந்த வாசலால்தான் ஒல்லாந்தரும் முதலில் உள்ளே வந்தார்கள். 1602 மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் தன் கப்பல்களோடு மட்டக்களப்புக் கரைக்கு வந்தார். அங்கிருந்து பிந்தென்னை வழியாகக் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். போர்த்துக்கேயருக்கு எதிராக ஒல்லாந்தர் இங்கே ஒரு கோட்டை கட்டுவதானால் தானும் தன் மனைவி மக்களும் கல்லும் சுண்ணாம்பும் தோளில் சுமந்து தருவோம் என்று மன்னன் சொன்னதாக ஸ்பில்பேர்கனின் பயணக் குறிப்பு கூறுகிறது. மலையில் இருந்த ஓர் அரசனுக்குக் கரையில் ஒரு பிடி எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இந்தப் பேச்சு காட்டுகிறது. ஆனால் அடுத்த வருடமே செபால்ட் டி வீர்ட் என்ற ஒல்லாந்தத் தளபதிக்கும் மன்னனுக்கும் மட்டக்களப்புப் பக்கத்தில் மனக்கசப்பு ஏற்பட்டு, தளபதி கொல்லப்பட்டார். கோட்டைக் கதை அதோடு நின்றுபோனது.

1626உம் 1628உம்

நமது சமூகம் அடிக்கடி சொல்லும் ஒரு ஆண்டு 1626. அந்த ஆண்டில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்றோஸ் எழுதியிருக்கிறார். நமது மேடைகளிலும் மலர்களிலும் இந்த நாலாயிரம் என்ற எண் திரும்பத் திரும்ப வரும்.

இந்தச் செய்தியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பயன்படுத்துவதுண்டு. நாம் மன்னனின் பெருந்தன்மைக்கு ஆதாரமாகச் சொல்கிறோம். வேறு சிலரோ, கிழக்கில் முஸ்லிம்கள் 1626க்குப் பிறகு வந்த அகதிகள்தான் என்று நிறுவ இதையே காட்டுகிறார்கள். இரண்டு வாசிப்பும் போதாது என்பது எனது எண்ணம்.

முதலாவது, வந்தவர்கள் வெறுமையான இடத்துக்கு வரவில்லை. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள் என்ற ஊர் வழக்கு இன்றும் ஏறாவூரிலும் அதைச் சுற்றியும் சொல்லப்படுகிறது. வாய்மொழி வழக்கைக் கல்வெட்டுப்போல எடுத்துக்கொள்ள முடியாது என்பது சரிதான். ஆனால் கிழக்கு முஸ்லிம்களின் தாய்வழிக் குடிமுறை கண்முன்னே இருக்கிறது. குடி தாயிலிருந்து வருகிறது, கலியாணம் முடித்தவர் பெண் வீட்டில் போய் இருக்கிறார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று இருந்தது. அண்டைத் தமிழ்ச் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ளும் இப்படியொரு அமைப்பு நீண்ட நாள் கலந்து வாழ்ந்ததன் அடையாளம். ஒரே ஆண்டில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்களிடம் மட்டும் இது உருவாகியிருக்க முடியாது.

இரண்டாவது, செனரத் செய்தது இரக்கம் மட்டுமல்ல, அரசியலும்கூட. கடலும் கப்பலும் கணக்கும் தெரிந்த மக்கள் அவர்கள். கரையோர ஊர்களில் அவர்களுக்குச் சொந்தமும் வியாபாரத் தொடர்பும் இருந்தன. துறைமுகம் இல்லாமல் மூச்சுத் திணறும் ஓர் இராச்சியத்துக்கு இவர்களைவிட உதவக்கூடியவர்கள் யார்? கிழக்கு வாசலில் இவர்களை வைத்தால் உப்பும் புடைவையும் வரும், பாக்கு போகும், போர்த்துக்கேயர்மீது ஒரு கண்ணும் இருக்கும்.

போர்த்துக்கேயரும் இதைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அடுத்த நிகழ்வே சாட்சி. வெளியேற்றம் நடந்து இரண்டு வருடத்துக்குள், 1628இல், தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா புளியந்தீவில் கோட்டை கட்டினான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திருகோணமலையில் ஒரு கோட்டை எழுந்திருந்தது. மேற்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் கிழக்கில் திறந்த கதவைப் பூட்டுவதே இதன் நோக்கம். இந்த இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியே படிக்கும் வரைக்கும் ஒன்று சமயக் கொடுமையாகவும் மற்றது கட்டடக் கலையாகவும் மட்டுமே தெரியும். சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கோட்டை யாருடைய வழியை மறித்து நின்றது என்பது விளங்கும். டி சாவும் அதிக நாள் இருக்கவில்லை. 1630இல் ஊவாவுக்குள் படையெடுத்துப் போனவன் ரந்தெனிவெலையில் தன் படையோடு அழிந்தான்.

கைமாறிய கோட்டை

பத்தே வருடத்தில் கோட்டை கைமாறியது. இரண்டாம் இராஜசிங்கனின் அழைப்பில் வந்த ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் பீரங்கி அடித்து, 1638 மே 18இல் கோட்டையைப் பிடித்தார். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதல் கோட்டை இதுதான். ஐந்து நாள் கழித்து, மே 23இல், மன்னனும் ஒல்லாந்தரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற ஒரு சிறிய வாசகம் மன்னனின் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அது இருக்கவில்லை. அந்த ஒரு வாசகத்துக்காக இரு தரப்பும் பிறகு எத்தனையோ வருடம் சண்டை பிடித்தார்கள். செய்த உதவிக்குக் கூலியாக மன்னன் கறுவாவும் மிளகும் தேன்மெழுகும் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தப் பொருட்கள் எல்லாம் மலையிலிருந்து கரைக்கு இறங்கியாக வேண்டும் என்பதை இங்கே ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

கோட்டை சில காலம் மன்னனிடம் திரும்பியது. 1660களில் ஒல்லாந்தர் மறுபடியும் வந்து கிழக்குக் கரையில் நிலைகொண்டார்கள். இன்று நாம் பார்க்கும் நான்கு கொத்தளக் கட்டு பெரும்பாலும் அவர்கள் கையால் உருவானது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. 1760களில் நடந்த போருக்குப் பின், 1766 ஒப்பந்தத்தின்படி தீவின் கரை முழுவதும் ஒல்லாந்தருக்குப் போனது. அந்த ஒப்பந்தத்திலும் கண்டி மக்கள் கரையோர லேவாய்களில் உப்பு எடுத்துக்கொள்ள அனுமதி இருந்தது. தோற்றுப்போன அரசனும் விடாமல் கேட்டு வாங்கியது உப்பைத்தான். 1795 செப்டம்பரில் கோட்டை பிரித்தானியரிடம் சரணடைந்தது.

தவளமும் மடிகேயும்

இனி வழிக்கு வருவோம். மட்டக்களப்பு வாவியைக் கடந்து மேற்கே போனால் வயல்வெளி, அதற்கப்பால் காடு, வெல்லஸ்ஸ, பிந்தென்னைப் பகுதிகள், மகாவலிக் கரையில் பழைய அளுத்நுவர, இன்றைய மகியங்கனை. அங்கிருந்து மலை ஏறவேண்டும். இன்று பஸ்ஸில் போகும்போதே தலைசுற்ற வைக்கும் பதினெட்டு வளைவுப் பாதை இருக்கும் அந்தச் சரிவுப் பக்கத்தால்தான் மெதமகாநுவர, தெல்தெனிய என்று கண்டிக்குப் போவது.

வண்டி போக வழியில்லை. பெருந்தெருக்களை அரசர்களும் விரும்பவில்லை. நல்ல வழி என்றால் எதிரிப் படைக்கும் அது நல்ல வழிதானே. ஆகவே பொதி மாடுகள்தான். முதுகின் இரண்டு பக்கமும் பொதி தொங்க, கழுத்தில் மணி கட்டிய மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இந்த மாட்டு வரிசைக்குத்தான் தவளம் என்று பெயர். சிங்களத்திலும் அதே சொல். ஏறும்போது உப்பு, கருவாடு, புடைவை. இறங்கும்போது பாக்கு, மிளகு, மெழுகு. மாடு மேயவும் மனிதர் உறங்கவும் தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துத் தங்கிப் போகவேண்டும். காய்ச்சலும் யானையும் உள்ள காடு அது.

கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அதன் பெயர் மடிகே. அதில் பெரும்பங்கு முஸ்லிம்கள். அரசன் கொடுத்த காணியை அனுபவித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக அரச களஞ்சியத்துக்கு உப்பும் கருவாடும் சுமந்து கொடுப்பது அவர்களின் இராசகாரியம். மிச்ச நேரத்தில் சொந்த வியாபாரம். சிங்களக் கிராமத்தின் நடுவே முஸ்லிம் குடியிருப்பு எப்படி வந்தது என்று இன்று சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். குருநாகல் பக்கத்து மடிகே மிதியாலை என்ற ஊரின் பெயரையே கேட்டால் போதும், பதில் அதற்குள் இருக்கிறது. மகியங்கனைக்குப் பக்கத்தில் இருக்கும் பங்கரகம்மனை போன்ற முஸ்லிம் ஊர்களையும் இந்தப் பழைய வழியை மனதில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

வழியில் நடந்த படை

இந்த வழியை எழுத்தில் பதிந்தவர்களில் முக்கியமானவர் ஒரு படை அதிகாரி. 1803இல் கண்டியில் பிரித்தானியப் படை அழிந்த பிறகு, 1804இல் பல திசைகளிலிருந்தும் கண்டியைத் தாக்க ஒரு திட்டம் போட்டார்கள். பிறகு அந்தத் திட்டம் மாற்றப்பட்டது. மட்டக்களப்பில் இருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்டனுக்கு அனுப்பிய கடிதம் தெளிவாக இல்லாததால், அவர் மட்டும் செப்டம்பர் 20இல் ஏறத்தாழ முந்நூறு படையினரோடு இந்தக் கோட்டையிலிருந்து புறப்பட்டுவிட்டார். ஒக்டோபர் 6இல் கண்டிக்குள் நுழைந்தபோது வேறு எந்தப் படையும் அங்கே வந்திருக்கவில்லை. ஓரிரு நாளில் நகரை விட்டு, சண்டை பிடித்துப் பிடித்தே திருகோணமலைக்குத் திரும்பினார். இந்த அனுபவத்தை அவர் 1810இல் நூலாக வெளியிட்டார்.

அந்தப் படையில் ஐரோப்பியர் சிறு பகுதிதான். மீதிப் பேர் சிப்பாய்களும் மலாயர்களும். சுமை தூக்கிகள் வேறு. மலாயர்கள் என்றால் நம் சமூகத்தவர்கள். அவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை. 1803 போரில் கண்டி மன்னனின் மலாயர் படைக்குச் சங்குங்லோ என்ற இளவரசர் தலைமை தாங்கினார். எதிர்ப்பக்கத்தில், பிரித்தானியப் படையில் இருந்த கப்டன் நூருத்தீன் கண்டியில் பிடிபட்டபோது, மன்னனிடம் சேவைக்கு வருமாறு கேட்டார்கள். அவர் மறுத்தார். அவரும் அவரது சகோதரரும் கொல்லப்பட்டார்கள். ஒரே தீனைச் சேர்ந்தவர்கள், ஒரே மொழி பேசியவர்கள், எல்லையின் இரு பக்கமும் நின்று செஞ்சோற்றுக் கடன் தீர்த்தார்கள். கோட்டையைப் பற்றிய விளக்கப் பலகைகளில் இந்தப் பெயர்களுக்கு எப்போது இடம் கிடைக்கும்?

1817: கசப்பான பாடம்

நமக்குப் பெருமை தரும் பகுதியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஆய்வாகாது. 1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. அதன்பின் வெல்லஸ்ஸ முஸ்லிம்களைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரைக்கார் என்பவரை அவர்களுக்கு முகாந்திரமாகப் பிரித்தானியர் நியமித்தார்கள். அவர்கள் கணக்கு எளிமையானது: தவளமும் வழியும் தெரிந்த சமூகம் தம் பக்கம் இருந்தால் உப்பும் படைக்கான உணவும் தடையில்லாமல் வரும். ஆனால் பரம்பரைத் தலைவர்களின் பார்வையில் இது அவர்களின் உரிமையைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுத்த செயல். 1817இல் வெல்லஸ்ஸயில் எழுந்த கிளர்ச்சிக்கு இந்த நியமனமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அரசுரிமை கோரி வந்தவரைப் பிடிக்க அனுப்பப்பட்ட ஹாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். தொடர்ந்து பதுளையிலிருந்து போன உதவி ரெசிடென்ட் வில்சனும் அம்பு பட்டு மாண்டார். அதன்பின் பிரித்தானியர் ஊவாவிலும் வெல்லஸ்ஸயிலும் நெல்லையும் வீட்டையும் கொளுத்தி நடத்திய அடக்குமுறை எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஹாஜியை ஒரு பக்கத்தில் துரோகி என்கிறார்கள். இன்னொரு பக்கத்தில் அவரைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுகிறோம். இரண்டுமே நியாயமில்லை. இருநூறு வருடமாக அண்டைக் கிராமத்தாரோடு ஒரே அரசனுக்குக் கடமைப்பட்டு, ஒரே வழியில் நடந்த மக்களை, மேலிருந்து வந்த ஒரு பதவி ஒரே நாளில் 'மற்றவர்' ஆக்கியது. பதவியைக் கொடுத்தவன் கப்பலேறிப் போய்விட்டான். அதன் வடுவை மட்டும் கிராமங்கள் சுமந்தன. இந்தப் பாடம் அந்தக் காலத்துக்கு மட்டும் உரியதென்று நான் நினைக்கவில்லை.

எதைப் பாதுகாக்கிறோம்?

1820களில் கொழும்பு – கண்டி வீதி வந்தது. பின்னர் மற்ற வீதிகளும் வந்தன. தவளத்தின் இடத்தை வண்டி எடுத்தது. வீதி போகாத மூலைகளில் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் மணிச்சத்தம் கேட்டது. கோட்டைக்கும் வேலை மாறியது. படை போய்க் கந்தோர் வந்தது. கந்தோராக இருந்ததாலேயே அது இடிக்கப்படாமல் தப்பியது என்றும் சொல்லலாம்.

கல்லால் கட்டியதைப் பாதுகாப்பது இலகு. அதற்குச் சட்டம் உண்டு, திணைக்களம் உண்டு. மாட்டுக் குளம்பு பதிந்த வழிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அது இருப்பது காணி உறுதிகளில், பள்ளிவாசல் பழைய கணக்குக் கொப்பிகளில், குடிப் பெயர்களில், ஊர்ப் பெயர்களில், முதியவர்களின் பேச்சில். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்குறணையிலும் மடிகே ஊர்களிலும் தவளத்தின் கதையைத் தன் மூத்தாப்பாவின் வாயால் கேட்டவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மௌத்தாகிப் போனால் அந்தச் சுவடியும் மூடிவிடும்.

எனவே இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய உறுதி இருந்தால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வயதானவர்களிடம் கேளுங்கள்: மாடு எங்கே வாங்கினார்கள், எந்த ஊரில் தங்கினார்கள், யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், மலையிலே யாரோடு கூட்டாளித்தனம் இருந்தது. அந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். தவளக்காரருக்குத் தன் வாசலில் இடம் கொடுத்த சிங்களக் குடும்பத்தின் பெயர் ஒன்று கிடைத்தாலும், அது ஒரு பீரங்கியைவிடப் பெறுமதியான வரலாற்றுச் சான்று.

வாப்பா மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. அவருடைய மூத்தாப்பாவின் பெயரைக்கூட நான் அவரிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை. காணி அலுவலுக்குப் போன அன்று, பீரங்கியைப் பார்த்தது போதுமென்று கீழே இறங்கி அவர் பக்கத்தில் குந்தியிருந்து இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.